தண்ணீர் எங்கே நிற்கிறது? சமையலறை சிங்க்கைச் சரிசெய்த அனுபவம்

கார்த்திகை மாதக் கடைசியில் எங்கள் வீட்டுச் சமையலறை சிங்க்கில் தண்ணீர் மெதுவாக இறங்கத் தொடங்கியது. முழுவதுமாக அடைத்துக்கொண்டிருந்தால் அன்றைக்கே யாரையாவது அழைத்துச் சரிசெய்திருப்போம். ஆனால் மெதுவாகப் போகும் தண்ணீர், எப்படியும் போய்விடுகிறது என்ற ஆறுதலையும் கூடவே தந்துகொண்டிருப்பதால், அதை ஒரு பழுதாக ஏற்றுக்கொள்வதற்கே எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் குழாய்க்குள் எதை ஊற்றலாம் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் எந்த இடத்தில் தடைபடுகிறது என்ற கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு வேலை இரண்டு நாளில் முடிந்துவிட்டது என்பதால், இதை விரிவாக எழுதி வைக்கிறேன்.

முதலில் வீட்டின் அமைப்பைச் சொல்ல வேண்டும். மதுரையில் 2009-ல் கட்டிய தரைத்தள வீடு எங்களுடையது. எவர்சில்வர் சிங்க்கின் அடியில் அதன் வாயோடு பைப்பை இணைக்கும் கப்ளிங், அதிலிருந்து மடிப்பு மடிப்பான சாம்பல் நிற வேஸ்ட் பைப், அது போய்ச் செருகியிருப்பது தரையை ஒட்டியுள்ள இரண்டு அங்குல பி.வி.சி. குழாயின் வாயில். அந்தக் குழாய் ஓர் எல்போவில் திரும்பி, சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே சென்று, கொல்லைப்புறத் தரைக்கடியில் ஓடி, கல்லி டிராப் என்று கொத்தனார்கள் சொல்லும் சிறு தொட்டியில் விழுகிறது. அங்கிருந்து சேம்பர் என்னும் கழிவுநீர்த் தொட்டி, பிறகு தெருவிலுள்ள பாதாளச் சாக்கடை. புழங்குவது போர் தண்ணீர். குழாய் முனையில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெள்ளைப் பொருக்கைச் சுரண்டி எடுக்க வேண்டிய அளவுக்கு உப்பு உள்ள தண்ணீர். இந்த உப்புக்கும் பின்னால் நடந்ததற்கும் தொடர்பு உண்டு.

நான் முதலில் செய்தது, ஒரு பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீரைக் கொதிக்கவைத்து அப்படியே சிங்க்கில் கவிழ்த்தது. உறைந்த எண்ணெய் இளகிவிடும் என்பது கணக்கு. இளகியிருக்கவும் கூடும், ஆனால் இளகிய எண்ணெய் ஆவியாகிப் போய்விடுவதில்லை, நான்கு அடி தள்ளிக் குளிர்ந்த குழாயில் மீண்டும் ஒட்டிக்கொள்கிறது. மேலும், பி.வி.சி. குழாய் 60 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்துக்குத் தொடர்ந்து ஆளானால் தளர்வடையக்கூடியது. 80 டிகிரியை ஒட்டி மென்மையாகிவிடும். அன்று நான் ஊற்றிய கொதிநீரால் வேஸ்ட் பைப் நடுவில் தொய்ந்துபோனதைப் பின்னர் அதைக் கழற்றியபோதுதான் பார்த்தேன். கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்றே அதிகமான வெந்நீர் எண்ணெயை இளக்கப் போதுமானது. கொதிக்கும் தண்ணீரையும், கொதிக்கக் கொதிக்க வடித்த கஞ்சியையும் சிங்க்கில் ஊற்றவே கூடாது.

இரண்டாவதாக, சமையல் சோடாவையும் வினிகரையும் போட்டேன். நுரை பொங்கி எழுந்தது; பார்ப்பதற்கு மனநிறைவாகவும் இருந்தது. வேதியியலாகப் பார்த்தால் காரமும் அமிலமும் ஒன்றையொன்று தணித்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடையும், சோடியம் அசிடேட் கலந்த நீரையும் தருகின்றன. நுரைக்கும் வாயு திறந்திருக்கும் வாய் வழியாக மேலே போய்விடுகிறது. மிஞ்சும் நீருக்கு எண்ணெயைக் கரைக்கும் வல்லமை கிடையாது. இதனால் கெடுதல் எதுவும் இல்லை என்பதே இதன் சிறப்பு.

மூன்றாவதாக நான் செய்ததில் கெடுதல் இருந்தது. கடையில் கிடைக்கும் அடைப்பு நீக்கும் தூளை வாங்கி வந்து ஓர் இரவு போட்டேன். அந்தத் தூளின் முக்கியப் பொருள் காஸ்டிக் சோடா என்னும் கடும் காரம். அது தண்ணீரில் கரையும்போதே கடும் வெப்பத்தை வெளியிடும். கொழுப்பைத் தாக்கிச் சோப்பாக மாற்றும். கேட்பதற்கு நல்ல செய்தியாகத் தோன்றினாலும், தேங்கி நிற்கும் குழாயில் அது போதிய தண்ணீரில்லாமல் ஓரிடத்தில் குவிந்தால், கொழுப்போடு சேர்ந்து கல்லைப் போல இறுகிவிடுவதும் உண்டு. காபித்தூள் சக்கையையோ கடுகையோ அது ஒன்றும் செய்வதில்லை. அலுமினியத்தை அரித்து, எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். அன்று சிங்க்கில் கிடந்த அம்மாவின் அலுமினிய இட்லிச் சட்டி தூள் பட்டுக் கறுத்துப்போனதை அம்மா இன்னும் மறக்கவில்லை. மளிகைக் கடைக்காரர் அடுத்ததாகக் கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டை எடுத்து நீட்டினார். நல்லவேளையாக அதை நான் வாங்கவில்லை. ஹைட்ரோகுளோரிக் அமிலம் எவர்சில்வரில் புள்ளி புள்ளியாகக் குழி பறிக்கும். காஸ்டிக் கிடக்கும் குழாயில் அமிலம் போய்ச் சேர்ந்தால் கொதித்துப் பீறிடும். பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். குழாய்க்குள் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று தெரியாமல் இரண்டாவது பொருளை ஊற்றாமலிருப்பது உயிருக்கே பாதுகாப்பு.

தூள் போட்ட மறுநாளும் தண்ணீர் அதே வேகத்தில்தான் இறங்கியது. அன்று மாலை பிளம்பர் வந்தார். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் இளைஞர்; வந்ததும் சிங்க்கின் அடியில் உட்கார்ந்து கப்ளிங் நட்டைத் திருகினார். பைப்பில் தேங்கியிருந்த தண்ணீர் அவருடைய முன்கையில் கொட்டியது. சில விநாடிகளில் அவர் கையை உதறியபடி எழுந்தபோதுதான், முந்தைய இரவு நான் போட்ட தூளைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பது எனக்கு உறைத்தது. கொல்லைக் குழாயில் கையைக் காட்டச் சொல்லி, கால் மணி நேரத்துக்கு மேல் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தோம். காஸ்டிக் பட்ட தோலுக்கு ஓடும் தண்ணீரே முதல் மருந்து; எலுமிச்சையோ வினிகரோ தடவி அதைத் தணிக்கப் பார்க்கக் கூடாது. கை சிவந்ததோடு போயிற்று. கண்ணில் தெறித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது.

"சார், உள்ள என்ன ஊத்தியிருக்கீங்கன்னு முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றார் அவர். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். அன்று வேலையைத் தொடர வேண்டாம் என்றும், இரண்டு நாள் நிறையத் தண்ணீர் விட்டுக் காரத்தை வெளியேற்றிவிட்டுக் கூப்பிடுமாறும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டும்போது, "அதுக்குள்ள எந்த இடத்துல நிக்குதுன்னு மட்டும் பார்த்து வைங்க சார், பாதி வேல முடிஞ்ச மாதிரி" என்றார். மூன்று வாரமாக எனக்கு யாரும் சொல்லாத அறிவுரை அது.

இரண்டு நாள் வாளி வாளியாகத் தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டேன். மூன்றாம் நாள், ரப்பர் கையுறையும் மூக்குக்கண்ணாடியும் அணிந்து, அடியில் அகலமான பேசின் ஒன்றை வைத்துக்கொண்டு, நானே உட்கார்ந்தேன்.

வேலையைத் தொடங்குவதற்கு முன் வேகத்தை அளந்தேன். சிங்க்கின் வாயை ஒரு கிண்ணத்தால் மூடிப் பத்து லிட்டர் வாளி ஒன்றை நிரப்பி ஊற்றி, கிண்ணத்தை எடுத்த நொடியிலிருந்து கடைசித் தண்ணீர் போகும் வரை கைபேசியில் நேரம் பார்த்தேன். நான்கு நிமிடம் பத்து விநாடி ஆயிற்று. இது அதிகமா என்பதை அறிய ஓர் ஒப்பீடு வேண்டுமல்லவா? தம்பி வீட்டில் ஏறக்குறைய இதே அளவு சிங்க் இருக்கிறது. தொலைபேசியில் அழைத்து அவனையும் பத்து லிட்டர் ஊற்றிப் பார்க்கச் சொன்னேன். என்ன ஏதென்று கேட்டுச் சிரித்துவிட்டு, 27 விநாடி என்று சொன்னான். மெதுவாகப் போகிறது என்று நாங்கள் வெறுமனே சொல்லிக்கொண்டிருந்தது, உண்மையில் ஒன்பது மடங்கு மெதுவாக இருந்தது. எண் கைக்கு வந்த பிறகு, ஒவ்வொரு வேலைக்குப் பின்னும் பலன் இருந்ததா என்று மனத்தைக் கேட்க வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.

அடுத்து, தண்ணீர் போகும் பாதையை மேலிருந்து கீழாக ஒவ்வொரு துண்டாகப் பிரித்துச் சோதித்தேன். முதலில் வாயிலுள்ள ஜாலியை எடுத்துவிட்டு மீண்டும் பத்து லிட்டர் ஊற்றினேன். ஐந்து விநாடிதான் குறைந்தது. பல வீடுகளில் இந்த ஜாலியின் துளைகளில் பருக்கையும் முடியும் சிக்கியிருப்பதே முழுக் காரணமாக இருக்கும். அங்கே இந்தக் கட்டத்திலேயே வேலை முடிந்துவிடும். பிறகு கப்ளிங்கிலிருந்து வேஸ்ட் பைப்பைக் கழற்றி, பேசினுக்குள் நேராக விழும்படி தண்ணீரை விட்டேன். குபுகுபுவென்று விழுந்தது. ஆகவே சிங்க்கும் கப்ளிங்கும் குற்றமற்றவை. அதன் பின் பைப்பின் மறுமுனையைத் தரைக்குழாயிலிருந்து இழுத்தேன்.

அது வந்துகொண்டே இருந்தது. ஏறக்குறைய ஓர் அடிக்கு மேல் குழாய்க்குள் செருகியிருந்தார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் பைப்பை மாற்றியபோது, கடையில் வாங்கிய நீளத்தை வெட்டாமல், மிச்சத்தை உள்ளே தள்ளிவிட்டிருக்கிறார்கள். தள்ளியதும் முனை போய் எல்போவின் சுவரில் முட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் வெளியேற அங்கே பிறை நிலாவைப் போன்ற ஓர் இடுக்கு மட்டுமே மிஞ்சியிருந்தது. அந்த இடுக்கில் கறிவேப்பிலை ஈர்க்கு ஒன்று குறுக்காகச் சிக்கி, அதன்மேல் தேங்காய் நார், கம்பி நாரின் துணுக்குகள், முருங்கைக்காய்ச் சக்கை என்று கூடு கட்டியதைப் போல ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. எங்கள் வீட்டில் காணாமற்போன சிறிய உப்புக் கரண்டியும் அங்கேதான் இருந்தது. எப்படி ஜாலியைத் தாண்டி உள்ளே போயிற்று என்பது இன்றுவரை தீராத வழக்கு.

பைப்பைக் கொல்லைக்குக் கொண்டுபோய் நீளவாக்கில் கத்தியால் கீறிப் பிளந்து பார்த்தேன். இந்தக் காட்சியை எல்லோரும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பேன். மடிப்புகள் ஒவ்வொன்றிலும் வெண்மையும் பழுப்புமாக மெழுகு போன்ற ஒரு பொருள் நிரம்பியிருந்தது. அதில் கடுகும், உளுந்துத் தோலும், காபிச் சக்கையும் பதித்துவைத்ததைப் போல ஒட்டியிருந்தன. ஒன்றேகால் அங்குலப் பைப்பில் தண்ணீருக்குக் கிடைத்த வழி சுண்டுவிரல் அளவுதான். கொதிநீரில் தொய்ந்துபோயிருந்த நடுப்பகுதியில் இந்தப் படிவு மேலும் தடிமனாக இருந்தது. தொய்வு இருக்கும் இடத்தில் தண்ணீர் தங்கும், தண்ணீர் தங்கும் இடத்தில் மிதப்பதும் படிவதும் தங்கும்.

வெறும் எண்ணெய்ப் படிவு இவ்வளவு இறுகுவதில்லை. நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் எங்கள் ஊர்க் குளிரில் உறைபவை அல்ல. நெய்யும் வனஸ்பதியும் தேங்காய்ப்பாலின் கொழுப்பும் உறையும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியை ஒட்டி உறைந்துவிடுவதால், மார்கழிக் காலையில் குளியலறை அலமாரியில் எண்ணெய்ப் புட்டி வெள்ளையாக இறுகிக் கிடப்பதைப் பார்த்தாலே அன்று சிங்க் எப்படி நடந்துகொள்ளும் என்று ஊகித்துவிடலாம். ஆனால் உறையாத எண்ணெய்களும் குழாயில் கிடந்து சிதையும்போது கொழுப்பு அமிலங்கள் வெளிப்படுகின்றன. அவை உப்புத் தண்ணீரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து, நீரில் கரையாத கால்சியச் சோப்பாக மாறிப் படிகின்றன. உப்புத் தண்ணீரில் சோப்புப் போட்டுக் குளித்தால் வாளியின் விளிம்பில் ஒட்டும் வெள்ளைப் பிசுக்கும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். அது வெந்நீருக்கு இளகுவதில்லை. நான் ஊற்றிய எதற்கும் அது அசையாமல் இருந்ததன் காரணம் இப்போது புரிந்தது: அதைச் சுரண்டியோ, குழாயையே மாற்றியோதான் நீக்க முடியும்.

புதிய பைப் 120 ரூபாய். இம்முறை மடிப்புகள் உட்புறத்தில் ஆழமில்லாத வகையாகக் கேட்டு வாங்கினேன். தேவையான நீளத்தை அளந்து வெட்டி, முனை தரைக்குழாய்க்குள் மூன்று அங்குலம் மட்டும் இறங்கும்படி செருகி, வாயைச் சுற்றி ரப்பர் வளையம் ஒன்றைப் பொருத்தினேன். இந்த வளையம் இல்லாத வீடுகளில் இரவில் கரப்பான் வருவதும், சாக்கடை நாற்றம் வருவதும் அந்த இடைவெளி வழியாகத்தான். கப்ளிங் நட்டைக் கையால் இறுக்கினால் போதும். உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்தான் கசிவைத் தடுக்கிறது. அந்த இடத்தில் டெஃப்லான் டேப் சுற்றுவதால் பயனில்லை, ரெஞ்ச் போட்டு முறுக்கினால் பிளாஸ்டிக் மரை நெரிந்துவிடும். மாட்டி முடித்ததும் சிங்க்கின் அடியில் பழைய செய்தித்தாளை விரித்துவிட்டு, சிங்க்கை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டேன். கையால் தடவித் தேடினால் தட்டுப்படாத சொட்டும் செய்தித்தாளில் வட்டமாகத் தெரிந்துவிடும். ஒரு வட்டம் தெரிந்தது. நட்டைக் கழற்றிப் பார்த்ததில் வாஷர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. சரிசெய்தேன்.

மீண்டும் பத்து லிட்டர். ஒரு நிமிடம் பத்து விநாடி. மனைவி மகிழ்ந்தார், பாத்திரம் தேய்க்க வரும் அக்கா, இனி சாம்பார்ச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம் என்றார். நானும் அன்று அப்படியே விட்டிருப்பேன். ஆனால் தம்பி வீட்டு 27 விநாடி மனத்தை உறுத்தியது. மேலும், முதல் இரண்டு மூன்று லிட்டர் வேகமாகப் போய்விட்டு, அதன் பிறகுதான் தண்ணீர் தயங்குவதைக் கவனித்தேன்.

பைப்பை மாற்றுவதற்கு முன் தரைக்குழாயையும் சோதித்திருந்தேன். ஒரு செம்புத் தண்ணீரை அதன் வாயில் ஊற்றினேன், சடக்கென்று உள்வாங்கிக்கொண்டது, சரியாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டேன். இந்த அனுபவத்தில் நான் செய்த தவறுகளில் எனக்கே வேடிக்கையாகத் தோன்றுவது இதுதான். இரண்டு அங்குலக் குழாயின் ஒவ்வொரு மீட்டர் நீளமும் ஏறக்குறைய இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொள்ளும். நான்கு மீட்டர் தள்ளிக் குழாய் முழுவதுமாகவே அடைத்திருந்தாலும், எட்டு லிட்டர் ஊற்றும் வரை இந்த முனையில் ஒன்றும் தெரியாது. ஒரு செம்பால் அந்தக் குழாயைச் சோதிப்பது, கிணற்றில் ஒரு கைப்பிடி மண்ணைப் போட்டு ஆழம் பார்ப்பதைப் போன்றது.

இந்தக் கணக்கையே திருப்பிப் போட்டால் அடைப்பு இருக்கும் தூரத்தையும் அறிந்துகொள்ளலாம் என்று தோன்றியது. வேஸ்ட் பைப்பை மறுபடியும் கழற்றிவிட்டு, அரை லிட்டர் அளவுள்ள சொம்பால் எண்ணிக்கொண்டே தரைக்குழாயில் விரைவாக ஊற்றினேன். பதினைந்தாவது சொம்பில் தண்ணீர் வாய்க்கு ஏறி வந்து நின்றது. ஏழரை லிட்டர். ஊற்றும்போதே கொஞ்சம் கசிந்து போயிருக்கும். அதைக் கழித்தால் ஏழு என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் தடை மூன்றரை மீட்டர் தூரத்தில் இருக்கிறது. கொல்லைக்குப் போய்ச் சுவரிலிருந்து டேப்பால் அளந்தேன். மூன்றரை மீட்டரில் கல்லி டிராப்பின் மூடி இருந்தது.

இந்த அளவு துல்லியமானதல்ல. குழாய் சரிவாகப் படுத்திருக்கிறது, பாதி அடைப்பில் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருக்கும், உள்ளே படிவு இருந்தால் கொள்ளளவு குறையும். ஆயினும் எல்போவிலா, சுவருக்குள்ளா, வெளியிலா என்று தெரிந்துகொள்ள இது போதும். சுவரை உடைக்கலாமா என்று யோசிப்பதற்கு முன் பதினைந்து சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதில் நட்டம் ஒன்றுமில்லை.

பிளம்பர் தம்பியை அழைத்தேன். இம்முறை வாசலிலேயே, தூள் போட்ட நாள், அதற்குப் பிறகு ஊற்றிய தண்ணீரின் அளவு, சோதித்த இடங்கள் அனைத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். மூடியை இரும்புக் கம்பியால் நெம்பித் திறந்தோம். கல்லி டிராப் என்பது அடியில் வளைந்த ஒரு மண்குழாய்த் தொட்டி. அந்த வளைவில் எப்போதும் இரண்டு அங்குல ஆழமாவது தண்ணீர் நின்றுகொண்டிருக்கும். சாக்கடை வாயு வீட்டுக்குள் ஏறாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். 1775-ல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரத் தொழிலாளி கழிப்பறைக்கு எஸ் வடிவ வளைகுழாய்க்குக் காப்புரிமை பெற்ற நாள் முதல் இன்றுவரை இதே தத்துவம்தான். நாற்றத்தை நிறுத்தும் அதே வளைவு எண்ணெயையும் நிறுத்துகிறது. எங்கள் தொட்டியில் தண்ணீரின்மேல் பனிக்கட்டி ஆடையைப் போல இரண்டு விரல் தடிமனுக்குக் கொழுப்புப் பாளம் மிதந்தது. அடியில், பக்கத்து மனையில் வீடு கட்டியபோது மழையில் அடித்து வந்த மணல் பாதி வளைவை நிரப்பியிருந்தது. மேலே பாளம், கீழே மணல், நடுவில் தண்ணீருக்கு ஒரு கீற்று வழி.

பாளத்தைப் பழைய ஜல்லிக்கரண்டியால் அரித்தெடுத்துச் செய்தித்தாளில் சுற்றிக் குப்பையில் போட்டோம். மணலை நீண்ட காம்புள்ள அகப்பையால் அள்ளினோம்; ஏறக்குறைய அரை வாளி வந்தது. பிறகு அவர் கொண்டுவந்திருந்த ஸ்பிரிங் கம்பியைக் கல்லி டிராப் பக்கத்திலிருந்து வீட்டை நோக்கிச் செலுத்தினார். வீட்டிலிருந்து வெளியே தள்ளினால் உள்ளே இருப்பது மேலும் இறுகக்கூடும் என்றும், தாழ்ந்த முனையிலிருந்து உடைத்துக்கொண்டு போனால் உடைந்தது சரிவில் தானாக இறங்கிவிடும் என்றும் விளக்கினார். குழாயின் சரிவையும் அவரே பார்த்துச் சொன்னார். நாற்பதுக்கு ஒன்று என்ற கணக்கில், அதாவது நான்கு அடி நீளத்துக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் இறக்கம் இருந்தால் போதும். எங்களுடையது அப்படியே இருந்தது. அது தவறியிருந்தால் தரையைத் தோண்டுவதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கல்லி டிராப்பும் வீட்டுச் சேம்பரும் முழங்கை ஆழத்துக்கு உள்ளவை. மேலே நின்றபடியே கரண்டியால் வேலை பார்க்கலாம். அதைவிட ஆழமான தொட்டியிலோ, செப்டிக் டேங்கிலோ, தெருவிலுள்ள ஆள் இறங்கு குழியிலோ யாரையும் இறங்கச் சொல்லக் கூடாது. கையால் கழிவகற்றும் தொழிலுக்கு எதிரான 2013-ம் ஆண்டின் சட்டம், பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவதைத் தடைசெய்கிறது. உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு ஒருவரை நினைவிழக்கச் செய்யச் சில நொடிகள் போதும். அத்தகைய இடத்தில் அடைப்பு என்றால் மாநகராட்சியின் இயந்திர வண்டியைத்தான் அழைக்க வேண்டும்.

வேலை முடிந்து பத்து லிட்டர் ஊற்றியபோது 28 விநாடி. பிளம்பர் தம்பி 400 ரூபாய் கேட்டார். கையில் கொட்டிய காரத்துக்காகக் கூடுதலாகக் கொடுத்ததை வாங்க மறுத்து, காபி மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

அன்று மாலை, அரித்தெடுத்த பாளத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது அம்மா ஒன்று சொன்னார். அம்மா இன்னமும் சிங்க்கை அங்கணம் என்றுதான் சொல்வார். அவர் பிறந்த ஊரில் அங்கணம் என்பது அடுப்படியின் மூலையில் கல் பாவிய சிறு பள்ளம். அதிலிருந்து திறந்த சலதாரை வழியாகத் தண்ணீர் கொல்லையில் வாழைக்கும் கல்வாழைக்கும் போகும். எது எங்கே நின்றாலும் கண்ணுக்குத் தெரியும், விளக்குமாற்றால் தள்ளிவிடலாம். அதைவிட முக்கியமானது, அங்கணத்தில் எது விழக்கூடாது என்பதற்கு அந்த வீட்டில் ஒரு முறை இருந்தது. வடித்த கஞ்சி, அரிசி களைந்த கழுநீர், காய்கறித் தோல், மிஞ்சிய சோறு எல்லாம் மாட்டுத் தொட்டிக்குப் போய்விடும். எண்ணெய்ச் சட்டியைச் சாம்பல் போட்டு முதலில் துடைத்துவிட்டுத்தான் தேய்ப்பார்கள். மாடு போனது, சாம்பல் போனது. கஞ்சியும் எண்ணெயும் மட்டும் ஒன்றேகால் அங்குலப் பைப்புக்குள் வந்து சேர்ந்தன.

அம்மா சொன்னதில் வேதியியலும் இருக்கிறது. வடிகஞ்சியிலுள்ள மாவுப்பொருள் சூடாக இருக்கும்போது ஓடும், ஆறியதும் கூழாகி ஆடை கட்டும். கிரைண்டர் கழுவிய தண்ணீரில் உளுந்தின் வழுவழுப்பும் சேர்ந்திருப்பதால், அது பசையைப் போலக் குழாயில் பூசிக்கொண்டு, பின்னால் வரும் காபிச் சக்கையைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நாங்கள் வாரத்துக்கு இரண்டு முறை மாவு அரைக்கிறோம். நான்கு ஆண்டுகளில் நானூறு முறைக்கு மேல் அந்தப் பசையைக் குழாய்க்குள் பூசியிருக்கிறோம் என்று கணக்குப் போட்டபோது, நான்கு ஆண்டுகள் தாக்குப்பிடித்ததே பெரிது என்று தோன்றியது.

ஆகவே சில பழக்கங்களை மாற்றினோம். கிரைண்டர் கழுவும் தண்ணீர் இப்போது முருங்கை மரத்தடிக்குப் போகிறது. கஞ்சியை நாங்கள் குடிக்கிறோம், மிஞ்சினால் ஆறவைத்து அதே மரத்துக்கு. பொரித்த எண்ணெய்ச் சட்டியைத் தேய்க்கப் போடுமுன் பழைய செய்தித்தாளால் துடைத்துவிடுகிறோம். அக்கா முதலில் இதை ஒரு வீண்வேலை என்று நினைத்தார், கொல்லையில் நான் பிளந்து வைத்திருந்த பைப்பைக் காட்டிய பிறகு அவரே மற்ற வீடுகளிலும் சொல்லத் தொடங்கிவிட்டார். காபிச் சக்கை ரோஜாத் தொட்டிக்கு. ஜாலிக்கு மேல் நுண்ணிய வலை போட்ட எவர்சில்வர் வடிகட்டி ஒன்றை வைத்திருக்கிறோம். கடுகைக்கூட அது விடுவதில்லை. ஆனால் அதை ஒவ்வொரு வேளையும் தட்டிக் கவிழ்க்காவிட்டால் அதுவே அடைப்பாகிவிடும்.

அடுக்குமாடி வீடுகளில் இந்த வழிமுறை பாதிவரைதான் பொருந்தும். ஜாலி, கப்ளிங், பைப், தரைக்குழாய் வரை நீங்களே சோதிக்கலாம். அதற்கப்பால் செங்குத்துக் குழாய் எல்லோருக்கும் பொது. மேல்வீட்டில் பாத்திரம் கழுவும் நேரத்தில் உங்கள் சிங்க்கில் குளுக் குளுக் என்று சத்தம் வந்தாலோ, நீங்கள் குழாயையே திறக்காதபோது தண்ணீர் மேலேறி வந்தாலோ, அடைப்பு உங்களுக்குக் கீழே இருக்கிறது. உங்கள் சிங்க்கில் எதை ஊற்றினாலும் பயனில்லை, குடியிருப்போர் சங்கத்திடம்தான் சொல்ல வேண்டும். கை கழுவும் வாஷ் பேசின் என்றால் வேலை இதைவிட எளிது. அங்கே தலைமுடியும் பற்பசையும்தான் காரணம். அடியிலுள்ள பாட்டில் டிராப்பின் கிண்ணத்தைக் கையாலேயே திருகிக் கழற்றிக் கொட்டிவிடலாம். அடியில் வாளி வைக்க மறந்தால் மட்டும் தரையைத் துடைக்கும் வேலை கூடும்.

தை பிறந்து இப்போது சில மாதங்கள் ஆகின்றன. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து லிட்டர் வாளியை நிரப்பி ஊற்றுவது என் வேலை, கைபேசியில் நேரம் பார்ப்பது மனைவியின் வேலை, அந்த எண்ணைச் சமையலறைக் காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் எழுதுவது அம்மாவின் வேலை. போன ஞாயிற்றுக்கிழமை 31 விநாடி. நாற்பத்தைந்தைத் தொட்டால் முதலில் கொல்லைக்குப் போய்க் கல்லி டிராப் மூடியைத் திறப்பது என்று பேசி வைத்திருக்கிறோம். பழைய ஜல்லிக்கரண்டி அதற்காகக் கொல்லைச் சுவரில் ஆணியடித்து மாட்டப்பட்டிருக்கிறது.